காரணம் என்ற கட்டம்

முழுப்பரீட்சை லீவு விட்டதும் எங்கள் ஓபியில் பையன்களைச் சுன்னத்துக்கு, அதாவது முன்தோல் நீக்க, கூட்டி வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். முன்பு ஊரில் பரம்பரையாகச் சுன்னத் செய்கிற ஒஸா வீட்டிலேயே செய்துவிடுவார். இப்போது ஆபரேஷன் தியேட்டருக்கு வருவது எனக்கு நிம்மதிதான். ரத்தம் உறையாத குறை வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்கலாம். சிறுநீர்த் துளை கீழ்ப்பக்கம் இருக்கிற பையன் என்றால், பின்னால் அதைச் சரிசெய்ய இந்த முன்தோல் தேவைப்படும் என்று நிறுத்திவிடலாம். அப்படி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் தப்பு செய்தது பேச்சில். தயங்குகிற அம்மாக்களிடம், "எச்ஐவியே 60 சதவீதம் குறையும்மா" என்று பல வருடம் சொல்லிவந்தேன். பொய் இல்லை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று ஆய்வுகளை வைத்து 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததுதான். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தாங்களே சம்மதித்து வந்த வளர்ந்த ஆண்கள். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைத்தான் அது குறைத்தது. பரிந்துரையும் நோய் மிகுந்திருந்த நாடுகளுக்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த 60ஐ மட்டும் ஏழு வயதுப் பையன் தலையில் கட்டினேன்.

அப்படி வந்த ஒருவன்தான் கேட்டான்: "எனக்கு என்ன வியாதி டாக்டர்?"

அவன் அத்தா என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஃபைமோசிஸ்' என்று, அதாவது முன்தோல் இறுகிப் பின்னால் போகாத குறை என்று, எழுதியிருந்தேன். ஏதாவது எழுத வேண்டுமே என்று நாங்கள் எல்லோரும் எழுதுவது. அவனுக்கு அது கிடையாது. (சின்னப் பிள்ளைகளுக்குத் தோல் பின்னால் போகாமல் இருப்பது இயல்பு. மூன்று வயதுப் பையனோடு பதறி வருகிறவர்களிடம் பொறுத்திருங்கள் என்று நானே சொல்லுவேன்.)

ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம், மத வழக்கத்துக்காகப் பையன்களுக்குச் சுன்னத் செய்வதை உடலைக் காயப்படுத்தும் குற்றம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பெற்றோருக்கு அனுமதி கொடுத்துச் சட்டம் போட்டது. நான் மறுத்தால் வேறு எங்காவது பிளேடு எடுப்பார்கள் என்ற பயம் எனக்கு. அது சாக்கோ என்ற சந்தேகமும் உண்டு.

"வியாதி ஒண்ணுமில்லடா, உங்க வீட்டு வழக்கம். தூங்க வச்சுத்தான் செய்வோம், எழுந்தப்புறம் ரெண்டு நாள் எரியும்" என்றேன்.

"அப்ப நான் பெரியவனானதும் பண்ணிக்கிறேன்."

அவன் அத்தா சிரித்தார். அன்றைய பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார்கள். செய்தேன். கட்டத்தில் மட்டும் 'மத வழக்கம்' என்று எழுதினேன்.