நாச்சிக்கு நேர்ந்துகொண்ட நடை

பேத்தி ஏழாம் மாசமே பிறந்துவிட்டாள். ஒசாகாவில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்துவிட்டு வந்து இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எழுத்தெல்லாம் காக்கை வடிவம். மொத்தம் 72 காக்கைகளாம். "நாச்சிக் கோயில் ரட்சைம்மா" என்றான் மகன். நாச்சி என்பது ஜப்பானில் ஒரு ஊர். என் காதில் நாச்சியார் என்றுதான் விழுந்தது. தாயே, பிள்ளை வீடு வந்து சேரட்டும், உன் வாசலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். (அங்கே பிரதானம் இசானாமி என்ற பெண்தெய்வம்தான் என்று பிறகு தெரிந்தது.)

குழந்தைக்கு இப்போது ஒரு வயசு. "அத்தை, மேல வரைக்கும் பஸ் போகுதே, முழங்காலை வெச்சுக்கிட்டு எதுக்கு?" என்றாள் மருமகள். பஸ்ஸில் போய் இறங்கினால் அது நேர்த்திக்கடனா?

நாச்சி ஸ்டேஷனுக்கு எதிரே கடல். கொஞ்ச தூரத்தில் ஃபுதாராகுசான்ஜி என்ற சின்னக் கோயில். அந்தக் காலத்தில் பௌத்தத் துறவிகள் இங்கிருந்து படகேறுவார்களாம். 30 நாள் சாப்பாட்டை உள்ளே வைத்து, அறைக்கதவை ஆணியடித்து மூடி, கன்னோன், அதாவது அவலோகிதர் என்ற போதிசத்துவர், வாழும் ஃபுதாராகு மலையைத் தேடித் தெற்கே அனுப்பிவிடுவார்கள். திரும்புகிற பேச்சே இல்லை. ஃபுதாராகு என்றால் வடமொழியில் சொல்லும் பொதலகம். அது நம் பொதிகைமலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. மகன் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. அம்பாசமுத்திரத்தில் மொட்டைமாடியில் வடாம் பிழியும்போதெல்லாம் கண்ணெதிரே நிற்கிற மலையாயிற்றே!

பிறகு தார் ரோடு, சொல்ல ஒன்றுமில்லை. டைமோன்சாகா என்ற ஏற்றத்தில்தான் பழைய கல்படி ஆரம்பம். 800 வயசான இரண்டு மரங்கள், தம்பதி மரமாம், வாசல்காவல் மாதிரி நிற்கின்றன. மழை வேறு. படியெல்லாம் பாசி, வழுக்கி ஒரு தரம் உட்கார்ந்தே விட்டேன். வாடகைக்குப் பழங்கால ராஜகுமாரி உடுப்பு போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பவர்கள் படியை அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. அங்கே 267 படி, கோயிலுக்கு மேலும் 467. ஒவ்வொரு படிக்கும் குழந்தை பேரைச் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். மேலே பிராகாரத்துக் கற்பூர மரத்தின் பொந்துக்குள் புகுந்து வருவது தாய் வயிற்றில் புகுந்து வருவதாம். பேத்திக்காக நான் புகுந்து வந்தேன், முழங்காலாவது ஒன்றாவது!

அருவிச் சந்நிதிக்குக் கர்ப்பக்கிருகமே கிடையாது. 133 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர்தான் மூலவர். கதவில்லை, திரையில்லை. டூர் கூட்டம் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்று மறைத்ததில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் "நகருங்க, நகருங்க" என்று தோளைப் பிடித்துத் தள்ள ஆளில்லை. அவர்கள் விலகியதும் சாரல் நேரே முகத்தில் அடித்தது. கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை, கழற்றினேன். வெள்ளையாக ஒரே ஒரு கோடு, அந்த இரைச்சல். கேட்க நினைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா என்றுதான் வாயில் வந்தது. இங்கே இரண்டு தரம் குனிந்து இரண்டு தரம் கைதட்டணும். என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ, மகன் குடையோடு காத்திருந்தான், கூப்பிடவில்லை.

ஆயுள் கூட்டும் தீர்த்தம் என்று அருவித் தண்ணீரைக் குடிக்கத் தருகிறார்கள். குடித்துவிட்டு ஒரு பாட்டிலிலும் பிடித்துக்கொண்டேன். பாதி பேத்திக்கு. மீதியை ஊருக்குப் போனதும் பாபநாசத்தில் தாமிரபரணியில் விடணும்.