மாந்தேகாவா, கிராசாவா?

குரோசான் என்பது அடுக்கடுக்கான ஒரு பேக்கரிப் பண்டம். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குப் பிறை என்று பொருள். அதனால் பாரிஸில் முதல் நாள் காலை, தங்கியிருந்த தெருவின் பேக்கரியில் இரண்டு தட்டுகளில் குரோசான்களைப் பார்த்ததும் எனக்குக் குழப்பமே இல்லை. ஒன்றில் இருந்தவை நேராக, நடு பெருத்து முனை சிறுத்து இருந்தன. மற்றதில் அழகாக வளைந்து, மூன்றாம் பிறை மாதிரி. பெயருக்கு ஏற்றதுதானே அசல் என்று வளைந்ததை வாங்கினேன். விலையும் குறைவு.

அங்கேதான் தப்பு. வெண்ணெய் போட்டதை நேராகவும் மார்கரின் என்ற வெண்ணெய் மாற்றைப் போட்டதை வளைத்தும் வைப்பது அங்கே வழக்கமாம். அந்த ஊரில் நல்ல பிறை பிறையாக இருப்பதில்லை!

மறுநாள் நேரானதைக் கடித்தேன். சட்டையெல்லாம் உதிரி. ஈஸ்ட் போட்ட மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து, மடித்து, குளிரவிட்டு, திரும்பவும் தேய்த்து மடிக்கிறார்கள். அடுப்புச் சூட்டில் வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி வெற்றிடம். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் இந்தப் பண்டத்தின் மூதாதை வியன்னாவின் கிப்ஃபெர்ல் என்ற பிறை வடிவ ரொட்டி. 1830களின் கடைசியில் ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸின் ரிஷெலியூ தெருவில் திறந்த பேக்கரிதான் அதை அங்கே பிரபலமாக்கியது.

இந்த ஞாபகத்தோடுதான் நானும் மனைவியும் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கே இதற்கு மெதியலூனா, அதாவது அரை நிலா என்று பெயர். பால் காப்பியும் மூன்று மெதியலூனாவும் அந்த ஊரின் காலை உணவு. அங்கே சான் தெல்மோ என்ற பேட்டையில் ஒரு பழைய காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் பரிமாறுபவர் கேட்டார்: "மாந்தேகாவா, கிராசாவா?"

என் மனைவி அசைவம் தொடமாட்டாள். கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்திருந்தாள், ஸ்பெயினில் அச்சான புத்தகத்தில். அதில் மாந்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. "ஐயோ, அது வேண்டாம், கிராசாவே கொடுங்கள்" என்றாள் உறுதியாக. கிராசா ஏதோ பொதுவான எண்ணெய்ப்பசை என்று அவள் நினைப்பு. ஒல்லியாக, உப்புக் கரிப்போடு, மொறுமொறுவென்று மூன்று வந்தன. நன்றாக இருக்கிறதே என்று ஒன்றரை தின்றுவிட்டாள். பக்கத்து மேசைப் பாட்டியிடம் பேச்சு வாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது: அர்ஜென்டினாவில் மாந்தேகா என்றால் வெண்ணெய். கிராசா, மாட்டுக் கொழுப்பு. மீதி ஒன்றரையை நான் தின்றேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால்.

வெண்ணெய் மெதியலூனா வேறு ஜாதி. குண்டாக, நன்றாக வளைந்து, மேலே சர்க்கரைப் பாகு பூசிப் பளபளக்கும். அடுக்கு உண்டு, ஆனால் உதிராது. இனிப்பு பன் போல மெத்தென்று பிய்ந்து வரும். விரலில் பாகு ஒட்டும். முதலில் எனக்குச் சப்பென்று இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது அமுங்கிப்போன குரோசான் என்றே நினைத்தேன். காப்பியில் முக்கித் தின்ற பிறகுதான் புத்தி வந்தது. பாகும் கசப்புக் காப்பியும் சேரும் அந்த ருசிக்கு, காற்றடைத்த பாரிஸ்காரன் பக்கத்தில் வரமுடியாது. வெறுங்கையில் தின்பதற்கு அவன், காப்பிக்கு இவன்.

இன்னொன்று. அங்கே பேக்கரிப் பண்டங்களின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'போலீஸ்காரர்', 'சாமியார் உருண்டை', 'குட்டிப் பீரங்கி', 'குண்டு'. 1880களில் அரசே வேண்டாம் என்ற கொள்கை கொண்ட இத்தாலிய அராஜகவாதிகள் முன்னின்று பேக்கரித் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். அரசையும் தேவாலயத்தையும் படையையும் நக்கல் செய்ய அவர்கள் வைத்த பெயர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

கடைசி நாள் பேருந்துக்கு ஒரு டஜன் வாங்கினோம். கடைக்காரப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனைவி "மாந்தேகா, மாந்தேகா" என்று இரண்டு தடவை சொன்னாள்.