பரணிலிருந்து இறங்கிய மாயாவி

பொதிகை எக்ஸ்பிரஸ் விருதுநகரைத் தாண்டிவிட்டால் எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். சிவகாசி ஸ்டேஷன் பலகையைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் ஏதோ குறை வைத்த மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு அது பட்டாசும் காலண்டரும் செய்கிற ஊர். எனக்கு மணியார்டர் போன ஊர். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், திகில், மினி லயன் என்று சின்ன வயதில் எதைப் பிரித்தாலும் உள்ளட்டையில் அந்த ஊரின் பெயர்தான் இருக்கும். அப்பர் பெர்த்திலிருந்து இறங்கி, கதவருகே நின்று, இருட்டில் அந்த மஞ்சள் பலகை பின்னால் போவதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கடுத்து எங்கள் ஊர் ராஜபாளையம்.

இந்தமுறை வேலையாகத்தான் போனேன். அம்மா இப்போது திருநெல்வேலியில் அக்கா வீட்டில் இருக்கிறார். ஊர் வீட்டை விற்று முடித்தாகிவிட்டது, மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. பாக்கி இருந்தது பரண். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள். சென்னையில் என் வீட்டில் அலமாரியின் ஒரே ஒரு தட்டைத்தான் எனக்கென்று ஒதுக்க முடிந்திருக்கிறது. பெட்டிகளில் நானூறுக்குமேல் புத்தகங்கள் இருக்கும் என்று ஞாபகம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை மூன்று நாளில் முடிவுசெய்ய வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துவிட்டு நடந்தேன். மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அக்கா முந்தின நாளே வந்து, வாசல் தெளித்து, ஸ்டவ் ஒன்றைக் கடன் வாங்கி வைத்திருந்தாள்.

“பெட்டிய நான் தொடல. நீயே இறக்கு. அப்புறம் அத மாத்தி வச்சிட்ட, இத மாத்தி வச்சிட்டன்னு சொல்லுவ” என்றாள்.

முதல் பெட்டி சித்தப்பாவுடையது. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பதிப்பாளர் சௌந்திரபாண்டியன் சிவகாசியிலிருந்து கொண்டுவந்த முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. சித்தப்பா அந்த வரிசையை விடாமல் வாங்கியவர். வேலை கிடைத்து வடக்கே போனபோது பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பெல்லாம் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்த மனிதனைத் தெற்குச் சீமையில் எங்கள் தலைமுறைக்கும் எங்களுக்கு முந்தின தலைமுறைக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவன் 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ பத்திரிகையில் பிறந்தவன் என்பதும், அவனை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர் என்பதும் எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்கு அருகில்தான். அதுவரை மாயாவி சிவகாசிக்காரன் என்றே மனசுக்குள் இருந்தது. இப்போதும் அவனை ஆங்கிலத்தில் படித்தால் குரல் ஒட்டமாட்டேன் என்கிறது.

திண்ணையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து அடுக்க ஆரம்பித்தோம். கொண்டுபோவது, கொடுப்பது, முடிவாகாதது என்று மூன்று வரிசை. மத்தியானம் சாப்பிட எழுந்தபோது மூன்றாவது வரிசைதான் இடுப்புயரம் இருந்தது.

வரும்போதே நான் ஒரு கணக்கோடு வந்திருந்தேன். எது கிடைக்காதோ அதை வைத்துக்கொள்வது, எது மறுபதிப்பாக வந்துவிட்டதோ அதைக் கொடுத்துவிடுவது. நியாயமான கணக்குதான். 2012 ஜனவரியில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்ததிலிருந்து, முன்பு சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் பார்த்த நாயகர்கள் வழவழ தாளில், முழு வண்ணத்தில், பெரிய அளவில் வருகிறார்கள். வெஸ்டர்ன் நாயகன் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ 2015-இல் ஒரே கெட்டித் தொகுப்பாக வந்தது, அது என் சென்னை அலமாரியில் இருக்கிறது. ‘இரத்தப் படலம்’ அதற்கும் முன்பே, 2010-இல் தலையணை கனத்துக்கு வந்தது, அதுவும் இருக்கிறது. அப்படியானால் மூலை மடங்கிய பழைய பாகங்கள் எதற்கு?

அந்த வரிசையைக் கயிற்றால் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் புரட்டினேன். பழைய இரத்தப் படலத்தின் ஒரு பாகம். நினைவு தப்பிக் கடலோரம் ஒதுங்கியவன், உடம்பில் ‘XIII’ என்ற பச்சைக்குத்து, தான் யார் என்று அவனுக்கே தெரியாது. வான் ஹாமின் அந்தக் கதை எனக்குப் புதிதல்ல. ஆனால் கதை முடிந்தபிறகு பின்பக்கங்களில் இருந்தவை நான் மறந்துபோனவை. ஆசிரியர் விஜயன் வாசகரோடு பேசும் பக்கம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த வாசகர் கடிதங்கள். அடுத்த வெளியீட்டின் விளம்பரம், அதில் ஒரே ஒரு படம். அந்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் நாங்களே கட்டிப் பேசியது அப்படியே மேலெழுந்து வந்தது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்ததும் இந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டுதான். தொகுப்பில் காத்திருப்பே கிடையாது. பதினோராவது அத்தியாயம் முடிந்தால் அடுத்த தாளிலேயே பன்னிரண்டாவது.

மறுபதிப்பில் கதை வந்துவிடும், அந்த மாதம் வராது. கணக்கை அங்கேயே மாற்றினேன். கதைக்காக வைக்க வேண்டியதைப் புதுப் பதிப்பில் வைத்துக்கொள்ளலாம். பழைய தாளில் வைப்பதென்றால், அந்த இதழ் வந்த நேரத்தில் அதைக் கையில் வைத்திருந்தேனா என்பதே கேள்வி. இந்த உரைகல்லில் தேய்த்ததும் ஒரு விஷயம் உடனே பளிச்சென்று தெரிந்தது. வேலைக்குப் போனபிறகு, கையில் காசு வந்த தைரியத்தில், நம்பர் விடுபடக்கூடாது என்று பழைய புத்தகக்காரர்களிடம் அதிக விலை கொடுத்து வாங்கிய முப்பது நாற்பது இதழ்கள் இருந்தன. மற்ற எல்லாவற்றையும்விடப் புதுசாக இருந்தவை அவைதான். பாதியை நான் படித்ததே இல்லை. அத்தனையும் கொடுப்பதற்கு. மதுரையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இரண்டு வருஷமாக அதே எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். அன்றே அவனுக்குப் போன் செய்தேன். ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை அவனுக்கு.

ராணி காமிக்ஸ் விஷயத்தில்தான் மனசு கஷ்டப்பட்டது. 1984 ஜூலையில் ஜேம்ஸ்பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு தொடங்கி 2005 வரை வந்த வரிசை. பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் தொங்கும். சிவகாசிப் புத்தகம் கிடைக்காத கிராமத்துக்கும் அது போனது, எத்தனையோ பேருக்குக் காமிக்ஸ் என்றாலே அதுதான். எங்களிடம் நூற்றுச்சொச்சம் இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் நான் திரும்ப எடுத்துப் படித்தவை காட்டில் முகமூடியோடு வரும் இன்னொரு மாயாவியின் கதைகள் மட்டும்தான். லீ ஃபாக் உருவாக்கிய, வேதாளர் என்றும் பெயருள்ள அவருக்கு வயதே ஆவதில்லை. அவற்றில் பதினேழை எடுத்துக்கொண்டு மற்றதைத் தெருமுனை டியூஷன் வாத்தியாரிடம் கொடுத்தேன். பிள்ளைகள் கையில் கிழிந்தாலும் பரவாயில்லை, கிழியும்வரை படிப்பார்கள்.

இரண்டாவது பெட்டியின் அடியில் கை வைத்தபோதே ஈரவாடை அடித்தது. ஏதோ ஒரு மழையில் ஓடு விலகி, பரணில் சொட்டிய தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அடிவரிசையில் ஏழு புத்தகங்கள் ஒரே கட்டி. அட்டையோடு அட்டை ஒட்டி, பிரித்தால் படம் உரிந்து வந்தது. ஸ்பைடர் கதைகள் அவை. குற்றவாளிகளையே தன் ஆட்களாக்கிக்கொண்டு திரிந்த அந்தக் காதுநீண்ட எத்தன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், பிற்காலத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்காக எழுதிக்கொடுத்த நாயகன். ஏழில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. மீதி ஐந்தையும் நானே கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா அந்தப் பக்கம் வரவில்லை.

இராமபாணப் பூச்சி அட்டைப் பசையைத் தின்று ஓரத்தைச் சுரண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்தான் பெரிய எதிரி. பின் இருக்கும் இடத்தில் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. கத்தி முனையால் பின்னின் காலை மெல்ல நிமிர்த்தி, பின்பக்கமிருந்து தள்ளி எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூலை விட்டுத் தைத்தோம். அம்மாவின் தையல் பெட்டி இன்னும் ஜன்னல் மாடத்தில் இருந்தது. அக்கா தைக்க, நான் பின் எடுக்க, சாயங்காலம்வரை இருபத்திரண்டு புத்தகம் முடிந்தது. எனக்கு முடிச்சு சரியாக வரவில்லை. அவள் நடுத்துளையில் தொடங்கி மேலே போய், கீழே வந்து, மறுபடி நடுவில் வந்து முடிந்தாள்.

“இது யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லிக் குடுக்கணும்? அப்பவும் நாந்தான தச்சேன்.”

அந்த நேரத்தில்தான் அந்த நோட்டு வந்தது. நாற்பது பக்க நோட்டு, பள்ளிக்கூட லேபிள், அதில் ‘லைப்ரரி’ என்று அக்காவின் சாய்ந்த எழுத்து. கோடை லீவில் இந்தத் திண்ணையில்தான் கொடிக்கயிறு கட்டி, புத்தகங்களை நடுவில் பிரித்துத் தொங்கவிட்டு வாடகைக்கு விட்டோம். இங்கேயே உட்கார்ந்து படித்தால் பத்து பைசா, வீட்டுக்குக் கொண்டுபோனால் இருபத்தைந்து. இதுவரை நான் எல்லாரிடமும் சொல்லிவந்தது ‘நான் லைப்ரரி நடத்தினேன்’ என்றுதான். நோட்டில் வரவு, செலவு, பாக்கி எல்லாமே அவள் எழுத்து. முதல் பக்கத்தில் முதலீடு என்று அவளுடைய உண்டியல் காசு பன்னிரண்டு ரூபாய். செலவுப் பக்கத்தில் வரிசையாக: லயன், லயன் கோடை மலர், முத்து, லயன், தீபாவளி மலர். என் சேகரிப்பு என்று நான் பேசிக்கொண்டிருந்ததில் பாதிக்குமேல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்பது வயதில் என் வேலை கயிற்றுக்குக் கீழே நின்று யாரும் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்வது.

“இதுல உனக்கு எது வேணும்?” என்று கேட்டேன். வந்து ஒரு முழுநாள் கழித்து, அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

அவள் யோசிக்கவே இல்லை. கொண்டுபோகும் வரிசையின் உச்சியில், பிளாஸ்டிக் உறைக்குள் நான் தனியாக வைத்திருந்ததைக் கை காட்டினாள். ‘கத்தி முனையில் மாடஸ்டி’. 1984 ஜூலை, லயன் காமிக்ஸ் முதல் இதழ்.

லயனை ஒன்றாம் நம்பரிலிருந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது சேகரிப்பவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். “இத்தன புத்தகத்துல அவ ஒருத்திதான்டா தானே திட்டம் போட்டு, தானே அடிச்சு, தானே தப்பிச்சு வருவா. மத்ததுல எல்லாம் யாராவது வந்து காப்பாத்தணும்” என்றாள். பீட்டர் ஓ’டோனல் 1963-இல் லண்டன் நாளிதழில் தொடங்கிய சித்திரத்தொடர் அது. ராஜபாளையத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதை எதற்காகப் படித்தாள் என்பது நாற்பது வருஷம் பக்கத்திலேயே இருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பெட்டி வாங்க சிவகாசி போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர், மல்லி வழியாகப் பஸ். டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்ற முடியாது, துருவும் பிடித்திருந்தது. அட்டைப்பெட்டி செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் பாக்கெட் சைஸ் புத்தகம் ஒன்றையும் பெரிய சைஸ் ஒன்றையும் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் அளவெடுப்பதற்குமுன் பாக்கெட் சைஸை மூக்கருகே கொண்டுபோனார். “லெட்டர் பிரஸ் காலத்து மையி வாசன மாதிரி இருக்கு” என்றார். பிறகு ஸ்கேலை வைத்து, நிமிர்த்தி அடுக்கினால் முதுகு வளையும், படுக்கப் போட்டு இருபது இருபதாக அடுக்குங்கள், அதற்கேற்ற உயரம் போதும் என்றார். ஐந்து மடிப்பு அட்டையில் ஏழு பெட்டிகள். மதியம் மூன்று மணிக்குக் கையில் கொடுத்துவிட்டார். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு ஒன்று போடச் சொன்னவரும் அவரே.

கடைசியில் நூற்று நாற்பத்தோரு புத்தகங்கள் சென்னைக்கு. சித்தப்பாவின் முத்து வரிசையில் ஒன்றைக்கூட எடுத்துக்கொடுக்க மனம் வரவில்லை. டெக்ஸ் வில்லரில் கோடை மலர், தீபாவளி மலர் எல்லாம் உண்டு. இத்தாலியக் காமிக்ஸின் அந்த ரேஞ்சர் இன்றும் வந்துகொண்டிருக்கிறார், ஆனாலும் லீவு நாளின் வெயில் இருப்பது பழைய மலர்களில்தான். திகில் காமிக்ஸ் ஆறு. நோட்டு ஒன்று.

மூன்றாம் நாள் காலையில் அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். சங்கரன்கோவில் வழி திருநெல்வேலி வண்டி, ஜன்னல் சீட் கிடைத்தது. கைப்பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மாடஸ்டி. உறையோடு வைத்துக்கொள், மடங்காமல் பார்த்துக்கொள், வெயில் படாமல் வை என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சரி சரி என்று தலையாட்டினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்னும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவில்லை. அக்கா புத்தகத்தை வெளியே எடுத்தாள், உறையை உருவி பைக்குள் போட்டாள், அட்டையைப் பின்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.