லைட்டரும் தீக்குச்சியும்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் பயிற்றுவிக்கும் 19 வயது மாணவன் ஒருவன், பேனாவைத் தேடிப் பையைக் கவிழ்த்தான். சூயிங்கம் பொட்டலங்களும் ஒரு சிகரெட் லைட்டரும் மேசையில் விழுந்தன. புகைப்பாயா என்று கேட்டேன். "எனக்கில்லை, சகோதரர்களுக்கு" என்றான்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஃபிரட்டர்னிட்டி என்னும் ஆண் மாணவர் சங்கம் ஒன்றில் சேர அவன் காத்திருக்கிறான். சேரும்வரை அவன் 'பிளெட்ஜ்'. சகோதரர்கள் எனப்படும் உறுப்பினர்கள் எவர் எப்போது கேட்டாலும் கேட்டதை எடுத்து நீட்ட வேண்டும். வார இறுதியில் ஒரு சொட்டும் குடிக்காமல் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து, குடித்தவர்களைக் காரில் கொண்டுபோய் விட வேண்டும். அந்தச் சகோதரர்களில் பலர் அவனைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மது விற்க அனுமதிக்கும் மாநிலத்திற்கு நெடுஞ்சாலை நிதி குறையும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் மிரட்டியதால், நாடெங்கும் அதுவே வயதெல்லை. ஆனால் அவன் சொல்வதைக் கேட்டால், அந்தச் சங்க வீட்டின் நிலவறையில் கோப்பை யார் கைக்குப் போவது என்பதைப் பிறந்த தேதி அல்ல, சேர்ந்த தேதியே முடிவு செய்கிறது.

இந்நாட்டுக்கு வந்த புதிதில் நானும் இரு நண்பர்களும் அப்படியொரு வீட்டில் நடந்த விருந்துக்குப் போனோம். வயதுச் சான்றாகக் கடவுச்சீட்டை நீட்டினால், வாசலில் நின்ற இளைஞன் அதைப் பார்க்கவே இல்லை; "பெண்கள் எத்தனை பேர்?" என்றான். இத்தனை ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்று கணக்காம். 25 வயது நிரம்பிய மூவரை, தானே குடிக்கும் வயதை எட்டாதவன்போல் தோன்றிய ஒருவன் திருப்பி அனுப்பினான், வழியெல்லாம் சிரித்தோம். பெண்களின் நிலையை எண்ணினால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தேசிய அளவிலான சொராரிட்டிகள் என்னும் பெண் மாணவர் சங்கங்கள் பலவற்றின் வீடுகளில் மதுவுக்கு இடமில்லை என்பது விதி. ஆகவே விருந்து ஆண்களின் வீட்டில்தான். கதவும் கோப்பையும் அவர்கள் வசம்.

இதெல்லாம் இப்போது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்லி வருகிறேன். ஆனால் அந்த லைட்டரைக் கண்டதும் நான் படித்த கல்லூரியின் விடுதித் தாழ்வாரம் கண்முன் வந்து நின்றது. ராகிங்கைத் தடை செய்து தமிழ்நாடு 1997லேயே சட்டம் இயற்றியிருந்தும், தாழ்வாரத்தின் நீளத்தை ஒற்றைத் தீக்குச்சியால் அளக்கவைத்தார் ஓர் அண்ணன். மண்டியிட்டு நானூறு குச்சிவரை எண்ணியபின் கணக்குத் தவறியது. முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆயினும் அன்றிரவு பரோட்டாக் கடையில் என்னைக் காசெடுக்க விடவில்லை. அண்ணன் என்று அழைக்கப்படுபவர் இருக்கையில் தம்பி பணம் கொடுப்பது அவருக்கு இழுக்கு. இங்கோ சூயிங்கத்திற்கும் தம்பியே காசு கொடுக்கிறான்.

பேனா கிடைக்கவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன். ஒரு வயது மூத்தவனுக்காக லைட்டர் சுமக்கும் அவன், ஆசிரியனான என்னைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறிவிட்டுப் போனான்.