பி.ஏ. தமிழும் கிணற்றுப் பாத்தியமும்

பி.ஏ. தமிழ் படித்தால் கடைசியில் பத்திரம்தான் எழுதணும் என்று எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு. அதற்கு நடமாடும் சாட்சி நான். தருமபுரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் வரைவு எழுதுகிறேன். இடப்பக்கம் ஜெராக்ஸ், வலப்பக்கம் டீக்கடை.

பாலக்கோடு பக்கத்திலிருந்து அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். பொதுவாகக் கிடந்த மேட்டு நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கத் தங்கைக்குச் சம்மதம். அண்ணன் வேறெங்கோ எழுதி வாங்கிய வரைவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சர்வே எண், செக்குபந்தி என்கிற நான்கு எல்லை விவரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் மட்டும் 'இதைச் சார்ந்த சகல பாத்தியங்களும்' என்று ஒரு வால். மூலப்பத்திரத்தைப் புரட்டினால் அந்த மேட்டு நிலத்தில்தான் கிணறு, ஆளுக்குப் பாதி. பாத்தியம் என்றால் உரிமை; அந்த வாலோடு தங்கையின் பாதிக் கிணறும் போய்விடும்.

"அக்கா, உங்க தனி அரை ஏக்கருக்கு எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டீயைப் பார்த்தார்.

"அது வழக்கமா எழுதறதுதானேம்மா."

வழக்கமாக எழுதுவதுதான். 'கிணற்றுப் பாத்தியம் நீங்கலாக' என்று சேர்த்தோம். அண்ணன் முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கண் எனக்குக் கல்லூரியில் வந்தது. புறநானூறு 95ஆம் பாட்டை எங்கள் பேராசிரியை ஒரு வகுப்பு முழுக்க நடத்தினார். அதியமானுக்காக ஔவை, அவனோடு பகைத்து நின்ற தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார் ஔவை. எங்களவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. நீ போர்க்களமே பார்க்காதவன் என்று ஒரு சொல் இல்லை. கேட்பதற்குப் பாராட்டு மாதிரியே இருக்கும். 'யார், யாரிடம், எதைச் சொல்லாமல் விடுகிறார்?' என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பத்திரம் படிக்கும்போது நானும் அதைத்தான் கேட்கிறேன்.

(கைடில் இந்தப் பாட்டுக்குப் பாடாண் திணை, வாண்மங்கலத் துறை என்று போட்டு முடித்திருப்பார்கள். மனப்பாடம் செய்து மார்க் வாங்கலாம். கிணறு போய்விடும்.)

அந்த அதியமான் ஆண்ட தகடூர்தான் இந்த ஊர். சேலம் ரோட்டில் அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் கொண்டுபோய் விடுகிறோம். இன்ஜினியரிங் கட்ஆஃபில் தமிழ் மார்க் சேராது, அதனால் தமிழ் பீரியடில் கணக்கு நடக்கிறது. அதே அதியமானைப் பற்றி இன்னொன்று. அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் என்ற அரசர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' என்று அதியமானின் முழுப்பேரைச் சொல்லி முடித்துவைத்தது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றை அச்சேற்றாமல் விட்டிருந்தால், அந்தப் பேரைப் பார்த்ததும் நமக்கு யார் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள்?

அதியமான் செத்தபின் ஔவை பாடியது புறநானூறு 232ஆம் பாட்டு. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்குவான் என்கிறார். இங்கே தருமபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்பொருள் காட்சியகத்தில், வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. எல்லாம் பிற்காலத்தவை, மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுடையவையும் உண்டு. பாட்டைப் படித்துவிட்டுப் போனால் அந்தக் கல் வேறு கல்.

இதையெல்லாம் சொல்லி யாரையும் பி.ஏ. தமிழில் தள்ள மாட்டேன். என் சம்பளம் எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்திரம் பதிய வந்த ஒரு அம்மா, "பொண்ணு தமிழ்தான் படிப்பேங்கறா, என்ன பண்றது?" என்று கேட்டபோது, "படிக்கட்டும்மா, கூடவே டைப்பிங் ஹையரும் முடிக்கச் சொல்லுங்க. எங்க கடையிலயே ஆள் தேடறாங்க" என்றேன்.