இருபது சென்ட் புல்

ஜூலை 3, 2023

கல்லூரிப் புல்வெளியை இனி ரசாயனம் இல்லாமல் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டோர் ரூம் சாவி என் கைக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு யூரியா மூட்டை, வாய் கட்டாமல். மூலையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக் கேன், பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சாக்கடையில் ஊற்ற முடியாது. திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பூட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், பூட்டினேனா என்று சந்தேகம்.

ஜூலை 4

“அப்ப மருந்தே அடிக்கறதில்லீங்களா மேடம்?” தோட்டக்காரர் ஆறுமுகண்ணன் இரண்டு முறை கேட்டார். இல்லைண்ணா என்றேன். ஸ்பிரேயரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வெறுங்கை. பதினெட்டு வருடமும் வெறுங்கைதான்.

ஜூலை 8

வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுத்த மண் பரிசோதனை முடிவு வந்தது. இலைதழை மக்கி மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே ‘குறைவு’ என்று எழுதுவார்கள். நமக்கும் அதையே எழுதியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். வாராவாரம் வெட்டிய புல்லையெல்லாம் வண்டியில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பதிலுக்கு 46 சதவீதம் நைட்ரஜன் உள்ள வெள்ளை யூரியா மணிகளைத் தூவிக்கொண்டிருந்தோம். நான் வகுப்பில் மண் பூஞ்சைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். ஜன்னலுக்கு வெளியே இது நடந்துகொண்டிருக்கும்.

இனி வெட்டிய புல் வெட்டிய இடத்திலேயே கிடக்கும். மெஷின் பிளேடையும் இரண்டரை அங்குலத்துக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். கல்லூரி முதல்வருக்குக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அவர் இதற்கெல்லாம் சம்மதித்ததே ஹார்வர்டு என்ற ஒரு சொல்லுக்காகத்தான். அங்கே 2008-இல் ஒரே ஒரு ஏக்கரில் ரசாயனத்தை நிறுத்திவிட்டு, கம்போஸ்ட்டும் கம்போஸ்ட் கரைசலும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பாசனத் தண்ணீர் 30 சதவீதம் மிச்சமானது. “ஹார்வர்டா?” என்று கண்ணாடியைக் கழற்றினார். தொண்டாமுத்தூர்ச் சாணி என்று ஆரம்பித்திருந்தால் கழற்றியிருக்க மாட்டார்.

ஜூலை 9, ஞாயிறு

சாவி பையில்தான் இருக்கிறது. பார்த்தேன்.

ஜூலை 14

ஜீவாமிர்தம் போட்டோம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்று கணக்கு. இங்கே இருபது சென்ட், 40 லிட்டர் போதும். சாணி 2 கிலோ, கோமியம் 2 லிட்டர், வெல்லம் 400 கிராம், கடலை மாவு 400 கிராம், வேலியோர மண் ஒரு பிடி. ஆறுமுகண்ணன் முழங்கை வரை விட்டுக் கரைத்தார். கையுறையை நீட்டினேன். “சாணிக்கு எதுக்குங்க மேடம் இது?” என்று சிரித்தார். நியாயம்தான். பதினெட்டு வருடம் யாரும் கொடுக்காத கையுறையைச் சாணிக்குக் கொடுக்கிறேன்.

ஜூலை 16

ஞாயிற்றுக்கிழமையும் போன். மாணவியர் விடுதியில் நாற்றம் தாங்கவில்லையாம். 48 மணி நேரம் நிழலில் வைக்க வேண்டும். நிழல் இருப்பதே விடுதிச் சுவரை ஒட்டித்தான்.

ஜூலை 25

கோரை, கோரை, கோரை. கொடிக்கம்பத்தைச் சுற்றி இன்று மட்டும் ஒரு வாளி. மேலே இருப்பதைப் பிடுங்கினால் ‘டப்’ என்று அறுந்து வரும், கிழங்கு கீழேயே நிற்கும். களைக்கொத்தால் தோண்டி ஒரு சரத்தை முழுதாக எடுத்தேன். கறுப்பு நூலில் கோத்த மாதிரி ஏழு கிழங்கு. நுனியில் இருப்பது உயிரோடு இருக்கும்வரை மற்றதெல்லாம் சும்மா தூங்கும். சரம் அறுந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். இதை நுனி ஆதிக்கம் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். இரண்டு வாரமாக அவசர அவசரமாகப் பிடுங்கி நானே சரத்தையெல்லாம் அறுத்து வைத்திருக்கிறேன்.

கோரைக்கு நிழல் ஆகாது. புல் உயர்ந்தால் தானாக அடங்கும். அதுவரைக்கும் முதல்வர் அடங்க வேண்டும்.

கிழங்கைக் காயவைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கலாம், வீட்டில் கேட்டார்கள் என்றார் ஆறுமுகண்ணன். வேண்டாம் என்றேன். இந்த மண்ணில் விளைந்தது வேண்டாம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 2

ஆறுமுகண்ணன் வரவில்லை.

ஆகஸ்ட் 3

இன்றும் இல்லை. மகள் போனை எடுத்தாள். “அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காருங்க. சும்மா டெஸ்ட்டுக்குத்தானுங்க.”

ஆகஸ்ட் 5

ராத்திரி ஒன்றரை மணி வரை படித்துக்கொண்டிருந்தேன். படித்திருக்கக் கூடாது. 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வரிசையில் வைத்தது. அப்படியில்லை என்று சொல்கிற நாடுகளும் உண்டு. 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசே அறிவித்தது. எங்கள் கல்லூரியில் உரிமம் யாரிடம் இருந்தது?

நடைபாதை ஓரத்துக்கு ஸ்பிரேயர். புல்லுக்குள் முளைக்கும் அருகுக்கு வேறு முறை. அங்கே அடித்தால் கொரியன் புல்லும் சேர்ந்து கருகும் என்று, பழைய துணியைக் கேனில் நனைத்து அருகின் மேல் மட்டும் ஒவ்வொரு தாளாகத் தடவுவார். குழந்தைக்கு எண்ணெய் தடவுவது மாதிரி. நான் மாடி வராந்தாவில் நின்று எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! என்ன பொறுமை என்று நினைத்திருக்கிறேன். இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்குப் பெயர் மருந்தாம். மருந்து அடித்தாயிற்றா, மருந்து தீர்ந்துவிட்டதா. நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எதற்கும் எதற்கும் முடிச்சுப் போடாதே என்கிறார் வீட்டுக்காரர். சும்மா டெஸ்ட்தானே.

ஆகஸ்ட் 9

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார், அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. வந்ததும் கொடிக்கம்பத்துப் பக்கம்தான் போனார். “ரிசல்ட்டு பத்து நாள் ஆகுமுங்க” என்றார், கோரையைப் பார்த்துக்கொண்டே.

ஆகஸ்ட் 21

முதல்வர் வாட்ஸாப்பில் புல்வெளிப் படம் அனுப்பியிருக்கிறார். வார்த்தை எதுவும் இல்லை. மஞ்சள் திட்டில் சிவப்பு வட்டம் மட்டும். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவது அக்டோபர் 5.

ஆகஸ்ட் 22

மஞ்சள் திட்டில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வருகிறது. வேர்ப்புழு. தலை பழுப்பு, உடம்பு வெள்ளை, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. ஒரு சதுர அடியில் ஒன்பது எண்ணினேன். வேப்பம் புண்ணாக்கும் மெட்டாரைசியமும் வாங்க வேண்டும். மெட்டாரைசியம் பூஞ்சை, புழுவின் தோலைத் துளைத்து உள்ளே வளரும். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். எனக்கு நேரம் இல்லை. ரிசல்ட் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

திரும்பவும் எடுக்கணும் என்று சொன்னார்களாம்.

செப்டம்பர் 6

புல்லுக்கடியில் மண்புழுக் குருணை! சின்னச் சின்னக் குவியல், கேழ்வரகுப் பிட்டு மாதிரி. முதல்வரைக் கூட்டிவந்து காட்டினேன். ஷூவைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, “இதைத் தினமும் பெருக்கிவிடச் சொல்லுங்கம்மா” என்றார்.

செப்டம்பர் 16

திங்கட்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. வாட்ச்மேன் வீட்டம்மா குனிந்து அருகு பறித்துக்கொண்டிருந்தார். கொரியன் புல்லுக்குள் களை என்று நாங்கள் துணியால் துடைத்துக் கொன்ற அருகு. மூன்று மாதம் சும்மா விட்டதும் தழைத்துவிட்டது. சாமிக்குத்தானே, யாரும் வாயில் வைக்கப் போவதில்லை என்று பேசாமல் இருந்தேன். அப்புறம், அவர் பேரனும் கூட வந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு தாளைக் கடித்துக்கொண்டிருந்தான். “துப்புப்பா” என்று கத்திவிட்டேன். பயந்து அழுதான்.

கடைசியாகத் தடவியது ஜூன் மாதம். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்காது.

செப்டம்பர் 27

கொடிக்கம்பத்திலிருந்து போர்ட்டிகோ வரை ஒரு பட்டை மட்டும் கரும்பச்சை. பக்கத்தில் கிடப்பது வெளிர்ப்பச்சை. நடுவில் நாலு இடத்தில் தீய்ந்த புள்ளி, மணி குவிந்து விழுந்த இடம். தாவரவியல் படித்திருக்க வேண்டியதே இல்லை. யாரோ நாலைந்து நாளுக்கு முன்னால் யூரியா தூவியிருக்கிறார்கள்.

சாவி என் பையில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 28

விடுமுறை. ஆனாலும் போனேன். யூரியா மூட்டை ஒரு சாண் இறங்கியிருக்கிறது. ஜூலையில் திறந்து கிடந்த வாயை இப்போது வாழைநாரில் கட்டி இரட்டை முடிச்சு போட்டிருக்கிறது. இந்தக் கல்லூரியில் கயிறைத் தொடாமல் எல்லாவற்றையும் நாரில் கட்டுகிறவர் ஒருவர்தான்.

குழு வரும்போது நான் தலைகுனியக் கூடாது என்று செய்திருப்பார். அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 29

கேட்கவில்லை. “புல்லு தெளிஞ்சிருச்சுங்க மேடம்” என்றார். ஆமாண்ணா என்றேன். நாளை ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டார்.

அக்டோபர் 4

நடைபாதை ஓரத்துக் கோரை நுனியில் மஞ்சள். வெயிலாகவும் இருக்கலாம். ஸ்டோர் ரூமைத் திறந்து கேனைத் தூக்கிப் பார்த்தேன். குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது. ஜூலையிலேயே கேனில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கலாம்.