பாடகருக்கு முன்னால் தாளக்காரர்

மும்பையில் புதிதாக மெல்லிசைக் குழு தொடங்க நினைத்து யோசனை கேட்டு வருகிறவர்கள், செம்பூரிலிருந்து வந்தாலும் டோம்பிவிலியிலிருந்து வந்தாலும், முதலில் ஒரு பாடகரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நல்ல குரல் கையில் இருக்கிறது, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்ச் சங்க விழா, கோயில் உற்சவம், கல்யாண வரவேற்பு என்று இந்த நகரத்து மேடைகளுக்கு வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. பாடகர் ஒரு நாள் வராவிட்டால் அதே பாட்டை வேறொருவர் பாடிவிடலாம். தாளம் வாசிப்பவரும் பேஸ் கித்தார்காரரும் ஒருவரையொருவர் காது கொடுத்துக் கேட்காத குழுவில், எப்பேர்ப்பட்ட பாடகர் வந்து நின்றாலும் பாட்டு தடுமாறத்தான் செய்யும். ஆகவே நான் ஆள் தேடத் தொடங்குவது மேடையின் பின்வரிசையிலிருந்து.

குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவியான ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டோபேட் 1985-இல் வந்தது. டிரம்ஸ், காங்கோ, தவில் என்று எல்லா ஒலிகளையும் எட்டுக் கட்டங்களுக்குள் அடக்கி, தோளில் மாட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறிவிடலாம் என்பதால் இங்குள்ள ஆர்கெஸ்ட்ராக்களில் அது நிரந்தர இடம் பிடித்துவிட்டது. ஆனால் ஒலி ஆயத்தமாகக் கிடைப்பதால், அரைகுறைக் கைப்பழக்கம் உள்ளவரும் முதல் சில நிமிடங்களுக்கு வித்வான் போலத் தெரிவார். அதனால் தாளக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாக வாசித்துக் காட்டும்படி நான் கேட்பதில்லை. மெதுவான நடையில் உள்ள ஒரு பாட்டை ஒரு பெண் குரல் மைக் இல்லாமல் பாட, அதற்கு வாசிக்கச் சொல்வேன்.

அப்படி ஒருமுறை ஒரே மாலையில் இருவர் வந்தார்கள். முதலாமவர் முறையாக டிரம்ஸ் படித்தவர், கணக்குச் சுத்தம், இடையிசையில் அவர் கை ஓடிய வேகம் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் அவருக்கு ஒரு உருட்டு தேவைப்பட்டது, பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் அவருக்குக் காலி மனையாகத் தெரிந்தது. இரண்டாமவர் தாராவிப் பையன். கணபதி ஊர்வலங்களில் வாசிக்கும் பேஞ்சோ பார்ட்டியில் வளர்ந்தவன், தெருவையே அதிர வைத்துப் பழகிய கை. பல்லவி முடிந்து சரணம் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே, குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினான். அவன் கண் ஆக்டோபேடில் இல்லை, பாடிய பெண்ணின் உதட்டில் இருந்தது. மறுநாளே அவனை வரச் சொல்லிவிட்டேன். முதலாமவர் என்னைவிடப் பெரிய குழுக்களில் நன்றாகவே இருக்கிறார், அதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

இந்திப் பாடல்களில் ஊறிய மும்பை வாத்தியக்காரர்களுக்கு எட்டு மாத்திரைக் கெஹர்வா தாளமும் ஆறு மாத்திரை தாத்ரா தாளமும் தூக்கத்திலும் வரும். நம் குத்துப்பாட்டின், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை எண்ணிக்கையில் தாத்ராவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றினாலும், அழுத்தம் விழும் இடம் வேறு. தாத்ராவைப் போல வாசித்தால் பாட்டு குழைந்துவிடும், கூட்டம் எழுந்து ஆடாது. பேஸ் கித்தாரிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. 1976-இல் இளையராஜா வந்ததிலிருந்து தமிழ்த் திரைப்பாட்டில் பேஸ் வெறும் அடித்தளமாக நிற்காமல் தனி மெட்டாகவே நடந்து போகிறது. மூல ஸ்வரத்தை மட்டும் தட்டிப் பழகியவர் அதை ஒரே ஒத்திகையில் பிடித்துவிட முடியாது. ஆகவே மொழி தெரியுமா என்று நான் பார்ப்பதில்லை, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறாரா என்று பார்க்கிறேன். எங்களோடு நெடுநாள் வாசிக்கும் மராத்திக்காரர் ஒருவர், ஒவ்வொரு பாட்டின் பல்லவியையும் சரணத் தொடக்கத்தையும் தேவநாகரியில் ஒரு டைரியில் எழுதி, எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்பதற்குச் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். தமிழ் தெரிந்தும் பாட்டைக் கேட்காமல் வருகிற நம்மவர்களிடம் அந்த டைரியைக் காட்டியிருக்கிறேன், அவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கீபோர்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் ஒத்திகை பார்த்த பாட்டை, ஜலதோஷத்தோடு வந்த பாடகி மேடையேறும் நேரத்தில் ஐந்துக்கு இறக்கச் சொல்வது வாடிக்கை. கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கினால் முடிந்தது. புல்லாங்குழல்காரருக்கு அந்த வசதி கிடையாது, அவர் வேறு குழலை எடுக்க வேண்டும். தபலாக்காரரும் சுருதி சேர்ந்த வேறொரு வலந்தலையை (வலது கைத் தபலாவை) எடுத்துச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய வேண்டும். தன் பொத்தானை அமுக்கியதுமே முகப்பு இசையைத் தொடங்கிவிடுகிற கீபோர்டுக்காரரை நான் இரண்டாம் முறை அழைப்பதில்லை. அதேபோல, புல்லாங்குழல்காரரிடம் பையைத் திறந்து காட்டச் சொல்வது அநாகரிகமாகத் தோன்றலாம், ஆனாலும் சொல்வேன். பையில் இரண்டே குழல் இருந்தால், வாசிப்பு எவ்வளவு இனிமையானாலும், எங்கள் வேலைக்கு அது போதாது.

வாசிப்புக்கு வெளியே உள்ள சில காரணங்களும் மும்பையில் ஆளைத் தீர்மானிக்கின்றன. திறந்தவெளி நிகழ்ச்சியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் கட்டளை. சில பண்டிகை நாட்களுக்குத்தான் அதில் தளர்வு உண்டு. ஒருவர் அரை மணி நேரம் தாமதித்தால் அது நிகழ்ச்சியிலிருந்தே போய்விடும். எனவே வெஸ்டர்ன் ரயில் லைனில் உள்ள விராரில் இருந்து தாதரில் வண்டி மாறி வருகிற திறமைசாலியைவிட, சென்ட்ரல் அல்லது ஹார்பர் லைனில் குடியிருக்கும் நிதானமான கலைஞரே குழுவுக்கு உதவுவார். பணத்தை முதல் ஒத்திகைக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நவராத்திரியோ தனிச் சோதனை. ஒன்பது இரவும் தாண்டியா நடத்துகிறவர்கள் கொடுக்கும் தொகையைக் கொலுவுக்கு நிகழ்ச்சி கேட்கிற நம் சங்கங்களால் கொடுக்க முடியாது, அந்த அழைப்பை ஏற்கிற வாத்தியக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. "அண்ணா, நவராத்திரிக்கு நான் இல்ல, இப்பவே சொல்லிடுறேன்" என்று ஆடி மாதத்திலேயே சொல்லி, மாற்று ஆளையும் தானே கொண்டுவருகிறவர் எனக்கு வேண்டியவர். முந்தின நாள் அலைபேசியை அணைத்து வைக்கிறவரின் திறமை எனக்கு எதற்கு?

புதுக் குழு அமைந்ததும் எல்லோருக்கும் சயானில் உள்ள சண்முகானந்தா அரங்கின் மேல்தான் கண். 1963-இல் திறக்கப்பட்டு, 1990 தீவிபத்துக்குப் பின் 1998-இல் மீண்டும் எழுந்த, 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கின் மீது ஆசை வருவது இயற்கைதான். நான் அவர்களை முதலில் ஓர் அறுபதாம் கல்யாண வரவேற்புக்கு அழைத்துப் போவேன். அங்கே பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தியில் இருப்பார்கள், குழந்தைகள் வயர்களுக்கு நடுவே ஓடுவார்கள், பிறகு யாராவது ஒரு மாமா ஒத்திகை பார்க்காத பழைய பாட்டு ஒன்றைச் சீட்டில் எழுதி அனுப்புவார். அந்தச் சீட்டை உரக்கப் படித்துவிட்டு நான் ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன். கீபோர்டுக்காரர் மெல்லச் சுருதியைத் தொட்டுக் காட்ட, பேஸ்காரர் அதைப் பிடித்துக்கொள்ள, தாளக்காரர் பாடகரைப் பார்த்து வேகத்தைக் கேட்டு எண்ணத் தொடங்கினால், அடுத்த நிகழ்ச்சிக்கும் அவர்கள் பெயர்களையே எழுதுவேன். நால்வரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தால், மறுவாரம் இன்னும் சிலரை வரவழைத்துக் கேட்பேன்.